நாணயத்துக்கும் நாணயம் வேண்டும்
அமெரிக்க வெண்கலச் சென்ட் சேகரிப்பு நமக்குச் சொல்லும் பாடம்

காலையில் கல்லாப் பெட்டியைத் திறந்து இரவில் எண்ணி மூடுகிற நமக்கு, காசு என்பது புதிய பொருள் அல்ல. ஆனால் கையில் வந்த காசை நின்று நிதானமாகப் பார்க்க நம்மில் எத்தனை பேருக்கு நேரம் இருக்கிறது? வந்தது, போட்டோம், கொடுத்தோம். அவ்வளவுதான். அப்படித் தினமும் கல்லாவில் விழுந்து எழுந்த சாதாரணக் காசுகளைத் தேடிச் சேர்த்து, தரம் பிரித்து, அதையே ஒரு பெரிய வியாபாரமாக வளர்த்திருக்கிறார்கள் அமெரிக்காவில். அதிலும் குறிப்பாக, அந்நாட்டின் பழைய வெண்கலச் சென்ட்டுகளுக்கு உள்ள மதிப்பும், அந்த மதிப்பு எதைப் பொறுத்து ஏறுகிறது, இறங்குகிறது என்பதும் வணிகர்களாகிய நாம் அறிந்துகொள்ளத் தக்கவை.

இதை எழுதத் தூண்டியது நம் சங்க உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்த அனுபவம். மளிகைக் கடை நடத்தும் அண்ணாச்சி அவர். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன் ஊருக்கு வந்தபோது, 1887-ஆம் ஆண்டு ஒரு சென்ட் காசு ஒன்றை வாங்கி வந்து கொடுத்தார். பழுப்பும் சிவப்பும் கலந்த நிறம். புழக்கத்துக்கே போகாத காசு. அண்ணாச்சிக்கு அது அழுக்குப் பிடித்த காசாகத் தெரிந்தது. கடையில் புளிக்கா பஞ்சம்? ஒரு கொட்டைப் புளியை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்து, விபூதி போட்டுத் துடைத்து, பளபளவென்று பூஜை அலமாரியில் வைத்துவிட்டார். மகன் பார்த்துவிட்டு, “அப்பா, இதைத் தேய்ச்சுட்டீங்களா?” என்று கேட்டாராம். “அழுக்கா இருந்துச்சுப்பா, உனக்காகத்தான் தேய்ச்சேன்” என்றாராம் அண்ணாச்சி. மகன் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. பிறகுதான் அண்ணாச்சிக்கு விஷயம் தெரிந்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கெடாமல் வந்த ஒன்று, ஐந்து நிமிடத்தில் கெட்டுவிட்டது.

ஏன் கெட்டது? அழுக்கை எடுத்தால் மதிப்பு கூடத்தானே வேண்டும்? இதற்குப் பதில் சொல்ல, அந்தக் காசு பிறந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கதையில் நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

கடைக்காரர்கள் அடித்த காசு

1793 முதல் 1857 வரை அமெரிக்காவின் ஒரு சென்ட், சுத்தச் செம்பில் அடித்த பெரிய காசாக இருந்தது. செம்பு விலை ஏறவே அதைக் கைவிட்டு, செம்பும் நிக்கலும் கலந்த சிறிய சென்ட்டுக்கு மாறினார்கள். 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. போர் என்றால் மக்கள் முதலில் செய்வது என்ன? கையில் உள்ள தங்கத்தையும் வெள்ளியையும் பதுக்குவதுதான். 1862-இல் வெள்ளிக் காசுகள் புழக்கத்திலிருந்து மறைந்தன. பிறகு சென்ட்டுகளும் மறையத் தொடங்கின. கடைக்கு வந்தவருக்குக் கொடுக்கச் சில்லறை இல்லை.

சில்லறை இல்லாத நாளில் கடை நடத்துவது எவ்வளவு பெரிய தொல்லை என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்து, வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கியவர்கள் நாம். அங்கேயும் அதே கதைதான். முதலில் தபால் தலைகளைச் சில்லறையாகக் கொடுத்தார்கள். அவை கையில் ஒட்டிக்கொண்டன, கிழிந்தன. ஜான் கால்ட் என்பவர், தபால் தலையைப் பித்தளைச் சட்டத்துக்குள் வைத்து, முன்பக்கம் அபிரகத் தகடு பொருத்தி, பின்பக்கம் வணிகர்களின் விளம்பரத்தை அச்சடித்துக் கொடுத்தார். அதுவும் போதவில்லை.

அப்போது கடைக்காரர்களே களத்தில் இறங்கினார்கள். மளிகைக் கடை, மருந்துக் கடை, ரொட்டிக் கடை, மதுக்கடை என்று பலரும் தங்கள் கடைப் பெயர் பொறித்த செம்பு, வெண்கல டோக்கன்களைச் சென்ட் அளவில் அடித்து வாங்கினார்கள். வாடிக்கையாளருக்குச் சில்லறையாகக் கொடுத்தார்கள். கொண்டுவந்தால் சரக்குக் கொடுப்போம் என்பதுதான் அதற்குப் பின்னால் இருந்த உறுதி. இப்படி வெளியானவை இரண்டரைக் கோடிக்குக் குறையாது என்று மதிப்பிடப்படுகிறது. சில டோக்கன்களில் ‘ஒரு சென்ட்’ என்று பெரிதாகவும், அதற்கு மேலே ‘அல்ல’ என்று சிறிய எழுத்திலும் பொறித்திருந்தார்கள். சட்டத்துக்கும் சமாதானம், வியாபாரத்துக்கும் வழி!

எல்லாரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்களா? நியூயார்க்கில் லிண்டன்முல்லர் என்ற மதுக்கடைக்காரர் ஏராளமான டோக்கன்களை வெளியிட்டார். டிராம் வண்டிக் கம்பெனி ஒன்று அவற்றைக் கட்டணமாக வாங்கிச் சேர்த்து, மாற்றிக் கொடுக்கும்படி கேட்டபோது அவர் மறுத்துவிட்டார் என்று ஒரு கதை வழங்கி வருகிறது. ஒருவர் கை விரித்தால் போதும், ஊரில் உள்ள அத்தனை டோக்கன்மீதும் சந்தேகம் வந்துவிடும். தமிழில் ‘நாணயம்’ என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. முன்னோர் சும்மா வைக்கவில்லை.

அரசு கற்றுக்கொண்டது

பிலடெல்பியா நாணயச் சாலையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் பொல்லாக் இதைக் கவனித்தார். செம்பும் நிக்கலும் கலந்த அரசின் காசு கடினமானது. அடிக்கும்போது அச்சுகள் சீக்கிரம் உடைந்தன. நிக்கலும் எளிதில் கிடைக்கவில்லை. ஆனால் கடைக்காரர்களின் மெல்லிய வெண்கல டோக்கன்களை மக்கள் தயங்காமல் வாங்கிக்கொண்டார்கள். சின்னக் காசுக்குள் அதன் விலைக்குச் சமமான உலோகம் இருக்கவேண்டிய அவசியம் இல்லை, கொடுப்பவர்மீது நம்பிக்கை இருந்தால் போதும் என்பது இதனால் விளங்கியது. பொல்லாக் வெண்கலத்துக்கு மாறப் பரிந்துரைத்தார். நிக்கல் சுரங்க அதிபரான ஜோசப் வார்ட்டன் எதிர்த்தார். எதிர்ப்பு பலிக்கவில்லை.

1864 ஏப்ரல் 22-இல் சட்டம் நிறைவேறியது. 95 சதவீதம் செம்பு, மீதி 5 சதவீதம் வெள்ளீயமும் துத்தநாகமும். எடை 3.11 கிராம், குறுக்களவு 19 மில்லிமீட்டர். அந்த ஆண்டே 3 கோடியே 92 லட்சத்துக்கும் மேற்பட்ட வெண்கலச் சென்ட்டுகள் அடிக்கப்பட்டன. கூடவே வெண்கல இரண்டு சென்ட் காசும் வந்தது. ‘கடவுள்மேல் நம்பிக்கை வைத்திருக்கிறோம்’ என்ற வாசகம் அமெரிக்கக் காசில் முதன்முதலாகப் பொறிக்கப்பட்டது இந்த இரண்டு சென்ட்டில்தான். அது 1873-இல் நின்றுபோனது. 1864 ஜூனில் தனியார் காசுகளைத் தடை செய்யும் சட்டமும் வந்துவிட்டதால், கடைக்காரர்களின் டோக்கன்கள் மறைந்தன. ஆனால் அவர்கள் காட்டிய வழி நின்றுவிட்டது.

இந்த வெண்கலச் சென்ட்டை வடிவமைத்தவர் ஜேம்ஸ் லாங்கேக்கர். தலைப்பக்கத்தில் இறகுக் கிரீடம் அணிந்த முகம் இருப்பதால் ‘இந்தியன் ஹெட் சென்ட்’ என்று பெயர். இந்தியன் என்றால் அமெரிக்கப் பழங்குடி. உண்மையில் அது பழங்குடியினர் முகம் அல்ல. அவர்களுடைய இறகு அணியைச் சூடிய சுதந்திர தேவியின் முகம். 1909 வரை இந்தக் காசு வந்தது. அதே 1909-இல், ஆபிரகாம் லிங்கன் பிறந்த நூற்றாண்டை ஒட்டி, அவர் உருவம் பொறித்த சென்ட் வெளியானது. பூப்பக்கத்தில் இரண்டு கோதுமைக் கதிர்கள். இந்தக் கதிர் வடிவம் 1958 வரை நீடித்தது.

தரம் பார்ப்பது எப்படி?

சரக்கின் விலை தரத்தைப் பொறுத்தது என்பது நமக்குப் பாலபாடம். மஞ்சளை விரலி, குண்டு என்று பிரிக்கிறோம். மிளகாயில் நிறம் பார்க்கிறோம், காம்பு பார்க்கிறோம். பழைய காசிலும் அப்படியே. ஆனால் அங்கே ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள விலை வித்தியாசம், நாம் கனவிலும் நினைக்காத அளவுக்கு இருக்கும்.

வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-இல் பழைய செம்புச் சென்ட்டுகளுக்காக ஓர் அளவுகோல் வகுத்தார். 1 முதல் 70 வரை எண்கள். என்ன காசு என்று அடையாளம் மட்டும் தெரிகிற தேய்ந்த காசுக்கு 1. குறையே இல்லாத காசுக்கு 70. தேய்ந்தது ஒரு டாலர் என்றால், மிகச் சிறந்தது எழுபது டாலர் என்ற அன்றைய விலைக் கணக்கை வைத்தே இந்த எண்களை அமைத்தார். விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்துப்போனது. எண்கள் மட்டும் நிலைத்து, பிற்காலத்தில் எல்லா அமெரிக்கக் காசுகளுக்கும் பொதுவாகிவிட்டன.

இதில் 60-க்கு மேல் உள்ளவைதான் புழக்கத்துக்குப் போகாத காசுகள். உயர் தரம் என்று சேகரிப்பவர்கள் தேடுவது இவற்றையே. பார்க்கவேண்டியவை மூன்று.

முதலாவது தேய்மானம். இந்தியன் சென்ட்டில் காதுக்கு மேலுள்ள முடியையும் இறகு நுனிகளையும் பார்க்க வேண்டும். லிங்கன் சென்ட்டில் கன்ன எலும்பையும் தாடையையும் பார்க்க வேண்டும். கையில் உரசினால் முதலில் தேய்வது மேடான இடங்கள்தான்.

இரண்டாவது ஒளி. அச்சில் அடிக்கும்போது உலோகம் மையத்திலிருந்து விளிம்பு நோக்கிப் பாயும். அப்போது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரிகள் மேற்பரப்பில் படியும். விளக்கின் கீழ் காசைச் சாய்த்துத் திருப்பினால், வண்டிச் சக்கரத்தின் ஆரைக்கால் சுற்றுவதைப்போல ஒளி சுற்றி வரும். இதுதான் பிறவி ஒளி.

மூன்றாவது நிறம். வெண்கலத்துக்கே உரிய சங்கதி இது. அச்சிலிருந்து விழும்போது காசு செக்கச் சிவந்திருக்கும். காற்றும் ஈரமும் பட்டு நாளடைவில் பழுப்பாகும். எனவே சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு என்று மூன்று வகை. மேற்பரப்பில் 95 சதவீதமாவது பழைய சிவப்பு எஞ்சியிருந்தால்தான் சிவப்பு என்ற பெயர் கிடைக்கும். ஒரே ஆண்டு, ஒரே எண். ஆனால் பழுப்புக்கு ஒரு விலை, சிவப்புக்குப் பல மடங்கு விலை.

இப்போது அண்ணாச்சியின் புளிக்கு வருவோம். புளியில் உள்ள அமிலம் பழுப்பை மட்டும் எடுக்காது. நாம் சொன்ன அந்த மெல்லிய வரிகளையும் சேர்த்தே அரித்துவிடும். தேய்த்த காசு பளிச்சென்று இருக்கும், ஆனால் சக்கரம் சுற்றாது. பழகிய கண்ணுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். இயற்கையாகப் பழுத்த நிறம் காசுக்குத் தோல் மாதிரி. உரித்தபின் ஒட்ட முடியாது. குத்துவிளக்குக்குப் புளி நல்லது. பழங்காசுக்கு அது விஷம்.

அடித்தது எத்தனை, மிஞ்சியது எத்தனை?

குறைவாக அடித்த காசுக்கு மதிப்பு அதிகம் என்பது பொதுவான எண்ணம். இது பாதிதான் உண்மை.

1877-இல் வியாபார மந்தம். பழைய சென்ட்டுகள் அரசிடம் திரும்பி வந்து குவிந்திருந்ததால் புதிதாக அடித்தது 8,52,500 மட்டுமே. 1909-இல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்த இந்தியன் சென்ட் 3,09,000 மட்டுமே. இவை இரண்டும் தேய்ந்திருந்தாலும் விலை போகும். 1909 லிங்கன் சென்ட்டில் இன்னொரு கதை. வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னர் தம் பெயரின் முதலெழுத்துகளான வி.டி.பி. என்பதைப் பூப்பக்கத்தின் அடியில் பொறித்திருந்தார். ஆகஸ்டு 2-ஆம் தேதி காசு வெளியானது. ‘எழுத்து எடுப்பாகத் தெரிகிறது’ என்று எதிர்ப்பு வந்து, சில நாட்களிலேயே அதை நீக்கினார்கள். அதற்குள் சான்பிரான்சிஸ்கோவில் அடித்துவிட்டவை 4,84,000. லிங்கன் சென்ட் சேர்ப்பவர்கள் எல்லாரும் ஏங்கும் காசு அது.

ஆனால் 1926-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ சென்ட்டைப் பாருங்கள். அடித்தது 45 லட்சத்துக்கும் மேல். தேய்ந்த காசு எளிதில் கிடைக்கும். உயர் தரத்தில், முழுச் சிவப்பில் வேண்டுமென்றால் தேடினாலும் கிடைக்காது. அந்தக் காலத்தில் அங்கே தேய்ந்த அச்சுகளை வைத்தே அடித்ததால் பதிவு சரியாக விழவில்லை. யாரும் எடுத்துப் பத்திரப்படுத்தவும் இல்லை. இதற்கு நேர்மாறானது 1931-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ சென்ட். அடித்தது 8,66,000 மட்டுமே. எண்ணிக்கை குறைவு என்று தெரிந்ததும் அன்றே வாங்கிப் பதுக்கியவர்கள் ஏராளம். அதனால் நல்ல தரத்திலும் இன்றுவரை கிடைக்கிறது.

விளைச்சல் கணக்கை மட்டும் பார்த்துக் கொள்முதல் செய்தால் ஏமாறுவோம் அல்லவா? கிடங்கில் எவ்வளவு இருக்கிறது, அதில் நல்ல சரக்கு எவ்வளவு என்று பார்ப்பவர்தான் தேறுவார். காசிலும் அதே கணக்குத்தான்.

கல்லாவிலிருந்து வந்த அதிர்ஷ்டம்

இந்தச் சேகரிப்பு செல்வந்தர்களின் பொழுதுபோக்காக மட்டும் இருந்துவிடவில்லை. 1930-களில், ஆண்டுவாரியாகத் துளையிட்ட அட்டைகள் விற்பனைக்கு வந்தன. விஸ்கான்சின் மாநிலத்து விட்மன் அச்சகம் அவற்றைப் பெரிய அளவில் பரப்பியது. கடைச் சில்லறையில் தேடி ஒவ்வொரு துளையாக நிரப்புவது, பொருளாதார மந்த காலத்தில் செலவில்லாத பொழுதுபோக்காயிற்று. பின்னர் 1946-இல் சில்லறை விற்பனை விலைகளைத் தரவாரியாகத் தரும் ‘சிவப்புப் புத்தகம்’ வந்தது. அதற்கு முன்பே வந்த ‘நீலப் புத்தகம்’ வியாபாரிகள் வாங்கும் விலையைத் தருவது. கொள்முதல் விலைக்கு ஒரு புத்தகம், விற்பனை விலைக்கு ஒரு புத்தகம்! இரண்டையும் வாடிக்கையாளரே வாங்கிப் படிக்கலாம். இப்படிப்பட்ட வெளிப்படையான வியாபாரம் வேறு எத்தனை சரக்கில் உண்டு?

1955-இல் நடந்தது இன்னும் சுவையானது. அச்சு தயாரிக்கும்போது ஏற்பட்ட பிழையால், சில சென்ட்டுகளில் ஆண்டும் எழுத்துகளும் இரட்டையாக விழுந்தன. பிலடெல்பியாவில் இதைக் கண்டுபிடித்தபோது, அவை நல்ல காசுகளோடு கலந்துவிட்டிருந்தன. எல்லாவற்றையும் உருக்க மனமின்றி அனுப்பிவிட்டார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை வெளியே வந்தன. அவற்றில் பல எங்கே கிடைத்தன தெரியுமா? சிகரெட் பாக்கெட்டில். அப்போது தானியங்கி இயந்திரத்தில் 25 சென்ட் போட்டால்தான் சிகரெட் வரும். பாக்கெட்டின் விலையோ 23 சென்ட். மீதி இரண்டு சென்ட்டைப் பாக்கெட்டின் மேலுறைக்குள்ளேயே வைத்து விற்றார்கள். சில்லறை கொடுக்கக் கையாண்ட அந்தத் தந்திரம், புகைப்பவர் கையில் புதையலைக் கொண்டு சேர்த்தது.

1943-இல் போர்த் தளவாடங்களுக்குச் செம்பு தேவைப்பட்டதால், துத்தநாகம் பூசிய எஃகில் சென்ட் அடித்தார்கள். முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில இயந்திரத்தில் தங்கி, தவறுதலாக 1943 என்ற எண்ணோடு வெளியே வந்தன. 1947-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பள்ளி மாணவன் ஒருவனுக்கு, பள்ளி உணவகத்தில் கொடுத்த சில்லறையில் அப்படி ஒன்று கிடைத்தது. அரசிடம் கேட்டபோது ‘1943-இல் செம்புக் காசே அடிக்கவில்லை’ என்று பதில் வந்தது. அவர் அதை வாழ்நாள் முழுவதும் பத்திரமாக வைத்திருந்தார். 2019 ஜனவரியில் அது 2,04,000 டாலருக்கு ஏலம் போனது. அவர் அந்தக் காசைத் தேய்க்கவில்லை என்பதை அண்ணாச்சிமார் கவனிக்க வேண்டும்.

கலப்படக்காரர்கள்

விலை இருக்கும் இடத்தில் கலப்படமும் இருக்கும். மிளகில் பப்பாளி விதையைப் பார்த்தவர்கள் நாம். இங்கே நடப்பதையும் பார்ப்போம்.

1943 எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி ஏமாற்றுவார்கள். காந்தத்தை அருகே கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும், குட்டு வெளிப்பட்டுவிடும். எஃகுக் காசின் எடையும் 2.7 கிராம்தான். 1909-இல் பிலடெல்பியாவில் அடித்த வி.டி.பி. சென்ட் ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம்; விலை மலிவு. அதில் சான்பிரான்சிஸ்கோவின் குறியீடான எஸ் என்ற எழுத்தை ஒட்டினால் மதிப்பு எங்கோ போய்விடும் என்பதால், ஒட்டு வேலை ஏராளம். உருப்பெருக்கியில் எழுத்தின் அடியைப் பார்க்க வேண்டும்.

1914-இல் டென்வரில் அடித்த சென்ட் அரியது. 1944-ஆம் ஆண்டு டென்வர் சென்ட்டை வாங்கி, முதல் நான்கைச் செதுக்கி ஒன்றாக்குவார்கள். ஆனால் 9-க்கும் 1-க்கும் நடுவே இடைவெளி அகன்று நிற்கும். தவிரவும், 1918 முதல் லிங்கனின் தோளில் வி.டி.பி. என்ற எழுத்துகள் சிறிதாகத் திரும்பி வந்துவிட்டன. 1914 என்று சொல்லும் காசின் தோளில் அவை இருந்தால், அது 1914 அல்ல.

இவற்றைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது நிறக் கலப்படம். பழுத்த காசை அமிலத்தில் முக்கிச் சிவப்பாக்குவார்கள். கம்பித் தூரிகையால் சுழற்றித் தேய்த்துப் போலி ஒளி வரவழைப்பார்கள். இந்தச் சிவப்பில் உயிர் இருக்காது. சாயம் போட்ட பருப்பைப் போலச் சீரான ஒரே நிறமாக இருக்கும். அமெரிக்காவில் 1973-இல் வந்த ஒரு சட்டப்படி, பழங்காசின் நகல் செய்தால் அதில் ‘நகல்’ என்று பொறிக்க வேண்டும். சட்டம் இருக்கிறது, மீறுபவர்களும் இருக்கிறார்கள்.

முத்திரை போட்டவரும் மனிதரே

விற்பவர் ‘உயர் தரம்’ என்கிறார். வாங்குபவர் ‘இல்லை’ என்கிறார். யார் சொல்வது சரி? இந்தத் தகராறைத் தீர்க்க, வாங்குபவரும் விற்பவரும் அல்லாத மூன்றாமவர் தரம் சொல்லும் முறை வந்தது. 1986-இல் பி.சி.ஜி.எஸ்., 1987-இல் என்.ஜி.சி. ஆகிய நிறுவனங்கள் தொடங்கின. காசைப் பரிசோதித்து, எண்ணும் நிறமும் குறித்து, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடித் தருவார்கள். நம் அக்மார்க் முத்திரை போல என்று வைத்துக்கொள்ளலாம். தேய்த்த காசு என்றால் தர எண் கொடுக்கமாட்டார்கள். ‘தேய்க்கப்பட்டது’ என்று குறிப்பு எழுதிவிடுவார்கள்.

ஆனால் வெண்கலம் பெட்டிக்குள்ளும் சும்மா இருப்பதில்லை. ஈரமான இடத்தில் வைத்தால் சிவப்பு மெல்ல மங்கும், கரும்புள்ளி விழும். 2010 ஜனவரி முதல், தாங்கள் சான்றளிக்கும் செம்பு, வெண்கலக் காசுகளின் நிறம் பின்னால் மாறினால் பொறுப்பேற்பதில்லை என்று பி.சி.ஜி.எஸ். அறிவித்தது. பெட்டியில் ‘சிவப்பு’ என்று எழுதியிருப்பதைப் படித்தால் மட்டும் போதாது, உள்ளே இருப்பதும் இன்று சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியையே போலியாகச் செய்பவர்களும் இருப்பதால், சான்று எண்ணைச் சரிபார்க்கவும் வேண்டும்.

இங்கே ஒரு வருத்தமான செய்தியையும் சொல்லியாக வேண்டும். தர அளவுகோலை வகுத்த அதே ஷெல்டன் 1977-இல் இறந்தார். அதன்பின் ஓர் உண்மை வெளிவந்தது. அமெரிக்க நாணயவியல் கழகத்துக்கு நன்கொடையாக வந்த பழைய சென்ட் தொகுப்பிலிருந்து நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையில் தரம் குறைந்த தம் காசுகளை அவர் வைத்துவிட்டிருந்தார். வழக்கு நீதிமன்றம் வரை போனது. தரத்துக்கு எண் கொடுத்தவரே தரத்தை மாற்றி வைத்தார்! எடைக்கல்லுக்கு முத்திரை போடுபவரே கல்லைக் குறைத்ததற்குச் சமம் இது. இன்றும் அவர் வகுத்த எண்களைத்தான் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். அளவுகோல் நன்றாக இருந்தது. நாணயம்தான் இல்லை.

ஆர்வமுள்ள அன்பர்களுக்கு

நம் உறுப்பினர்களில் பலருடைய பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். இத்தகைய காசுகள் அன்பளிப்பாகவோ ஆர்வத்தாலோ வீட்டுக்கு வரக்கூடும். ஆகவே சில குறிப்புகள்:

காசை எக்காரணம் கொண்டும் தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம்.

விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். விரல் வியர்வையில் உப்பு உண்டு. இன்று பட்ட ரேகை சில மாதங்களில் கறையாகத் தெரியும். காசுக்கு நேராகப் பேசினால் எச்சில் தெறித்துப் புள்ளி விழும்.

கடையில் உப்பு மூட்டை, மசாலா இருக்கும் பக்கம் வைக்காதீர்கள். ரப்பர் வளையம் போடாதீர்கள். அதிலுள்ள கந்தகம் செம்பைக் கறுப்பாக்கும். மலிவான பி.வி.சி. உறைகளில் நாளடைவில் பச்சைக் களிம்பு படியும். காசுக்கென்றே செய்த உறையில் வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு உலர்ந்த பெட்டியில் வையுங்கள். கடலோர ஊர்க்காரர்களுக்கு இது மிகவும் அவசியம்.

முதலில் புத்தகத்தை வாங்குங்கள், பிறகு காசை வாங்குங்கள். பத்து சுமாரான காசுகளைவிட, நிறமும் ஒளியும் கெடாத ஒரு காசு மேல். திருப்பி எடுத்துக்கொள்ளும் உறுதி தராதவரிடம் வாங்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடை முதலை இதில் போடாதீர்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரிது. அவசரத்துக்குப் பணமாக்கப் போனால் கை சுடும். உபரிப் பணத்தில், ரசித்துச் செய்யவேண்டிய காரியம் இது.

வெண்கலச் சென்ட்டின் காலம் எப்போதோ முடிந்தது. 1962-இல் வெள்ளீயத்தை நீக்கினார்கள். 1982-இல் செம்பு முலாம் பூசிய துத்தநாகத்துக்கு மாறினார்கள். அதற்கும் ஒரு சென்ட் அடிக்க மூன்றரை சென்ட்டுக்கு மேல் செலவாகிறது என்று, 2025 நவம்பர் 12-ஆம் தேதி பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசி சென்ட்டை அடித்து நிறுத்திவிட்டார்கள். இருப்பவை செல்லும், புதியவை வராது. 1862-இல் சில்லறை இல்லாமல் டோக்கன் அடித்த கடைக்காரர்களின் வாரிசுகள், சென்ட் குறைந்துபோனதால் விலையை எப்படி முழுமையாக்குவது என்று கணக்குப் பார்க்க வேண்டியவர்கள் ஆகியிருக்கிறார்கள்.

நம் அண்ணாச்சி அந்த 1887 காசைப் பூஜை அலமாரியிலிருந்து எடுத்துக் கல்லாப் பக்கத்தில் ஒரு சிறு டப்பாவில் வைத்திருக்கிறார். அடுத்த முறை மகன் வரும்போது இன்னொன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறாராம். “இந்தத் தடவை தொடவே மாட்டேன்” என்கிறார். கடைக்கு வருகிற பிள்ளைகளிடம் தேய்த்த காசைக் காட்டி, ஏன் தேய்க்கக் கூடாது என்று விளக்கமும் சொல்கிறார். அந்த வகையில் அந்தக் காசு வீண் போகவில்லை.